இருபத்தெட்டு மாடிக்கு மேல் ஒரு சக்கரம்

சிங்கப்பூரில் நான் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்த அலுவலகத்தில், எழுபதுகளின் நடுவில், ஒரு கட்டடத்துக்குத் தலை கிடைக்காமல் நான்கு மாதம் வேலை தேங்கிக் கிடந்தது.

எங்கள் தலைமைக் கட்டடக் கலைஞர் லிம்முக்குக் கண்ணாடிப் பெட்டிகள் மேல் கோபம். ஊர் முழுக்க எழும்பிக்கொண்டிருந்த அலுவலகக் கோபுரங்களைக் காட்டி, "இதெல்லாம் எங்கே முடிகிறது தெரியுமா? அனுமதி தீர்ந்த இடத்தில் முடிகிறது" என்பார். அவர் வரைந்த இருபத்தெட்டு மாடிக்குக் கால் இருந்தது: பழைய கடைவீடுகளின் முன்னால் இருக்குமே ஐந்தடி நடைபாதை, அதைப் போல வளைவு வளைவாக ஒரு தாழ்வாரம், இளஞ்சிவப்புக் கல்லில். உடம்பு இருந்தது: சின்னச் சின்னச் சதுர ஜன்னல்கள். தலைதான் அமையவில்லை. கூம்பு வைத்துப் பார்த்தோம், கோயில் கூரை வைத்துப் பார்த்தோம். எல்லாம் கடன் வாங்கிய தொப்பி மாதிரி இருந்தன.

ஒருநாள் கட்டடத்தின் சொந்தக்காரர் மாணிக்கம் வந்தார். கப்பல்களுக்குச் சாமான் அனுப்பும் வியாபாரம். அதிகம் பேசாத மனிதர். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புகைப்படத்தை எடுத்து லிம்மின் மேசையில் வைத்தார். நான்கு கால் ஊன்றிய இரும்புக் கோபுரம். உச்சியில் இரண்டு பெரிய சக்கரங்கள்.

"நான் பிறந்த ஊர். தங்கச் சுரங்கத்தின் வாய்க்கு மேலே நிற்பது. இதை வையுங்கள்" என்றார்.

லிம்முக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஆனால் படத்தில் அளவு ஏது? யாராவது நேரில் போய் அளந்து வர வேண்டும். அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவன் நான் ஒருவன்தான். அப்படித்தான் கோலார் தங்கவயலுக்குப் போனேன்.

பங்காரப்பேட்டையில் மாறி ஏறிய சின்ன ரயிலில், "கேஜிஎஃப் வந்தால் சொல்லுங்கள்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டு வைத்தேன். அடுத்த நிறுத்தத்திலேயே "இதான் கேஜிஎஃப்" என்றார். இறங்கினேன். வண்டி போய்விட்டது. அங்கே விசாரித்தால், "இதுவும் கேஜிஎஃப்தாங்க. அடுத்ததும் கேஜிஎஃப்தான். கடைசி ஸ்டேஷனும் கேஜிஎஃப்தான். உங்களுக்கு எந்த கேஜிஎஃப் வேணும்?" என்று கேட்டார் நிலையத்துச் சிப்பந்தி. ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் என்றேன். "அப்போ ஊருக்கு முன்னாலயே எறங்கிட்டீங்க" என்று ஒரு ஜட்காவைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்.

ஜட்காவில் போகும்போதுதான் ஊரைப் பார்த்தேன். இருபுறமும் சாம்பல் நிற மணல் மலைகள். தங்கம் எடுத்த பிறகு கொட்டிய சக்கை என்று வண்டிக்காரர் சொன்னார். காற்று அடித்தால் அதன் உச்சியிலிருந்து புகை மாதிரி தூசி கிளம்பியது. மைசூர் மைன்ஸ் என்ற சுரங்கத்தைத் தாண்டும்போது குதிரை நின்றுவிட்டது. அதற்கு அங்கே ஒரு தொட்டியில் தண்ணீர் குடித்துப் பழக்கமாம். அன்று தொட்டி காலி. குதிரைக்கு அதைப் புரியவைக்க இருபது நிமிடம் ஆயிற்று. சிங்கப்பூரில் டாக்ஸிக்காரர்களோடு பலமுறை சண்டை போட்டிருக்கிறேன். இப்படி ஒரு நியாயமான காரணம் எனக்கு அங்கே கிடைத்ததில்லை.

நான் தங்கியது மாணிக்கத்தின் மாமா மகன் ஏகாம்பரத்தின் வீட்டில். வரிசை வரிசையாகத் தொழிலாளர் வீடுகள், 'லைன்' என்கிறார்கள். ஏகாம்பரத்துக்குச் சுரங்க வாயிலேயே வேலை. கோபுரத்துச் சக்கரத்தில் ஓடும் கம்பிவடத்தில் தொங்கி ஆட்களைக் கீழே இறக்கும் கூண்டுக்கு, அவர்கள் சொல்வது 'கேஜ்', மணி அடித்து சமிக்ஞை கொடுப்பவர். மனைவி சரசம்மா. மகன் தயாளன், இருபத்துநான்கு வயது. சுரங்கத்துக்குள் பாறைக்கு மரத்தால் முட்டுக் கொடுக்கும் குழுவில் இருந்தான்.

"வாங்க தம்பி. மாணிக்கம் எப்டி கீறாரு? தலை நரைச்சிடுச்சா?" என்றார் சரசம்மா. நரைத்துவிட்டது என்றேன். "இங்கர்ந்து போவ சொல்ல ஒம்போது வயசு. நான் கண்ணாலம் ஆயி இந்த வூட்டுக்கு வந்ததே அப்பால தான். போட்டோல பாத்ததோட சரி."

மத்தியானம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். களியை மெல்லக்கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. மென்று, பல்லில் ஒட்டிக்கொண்டு, பேச முடியாமல் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து தயாளன் சிரிப்பை அடக்கிக்கொண்டான். "முழுங்கிடுங்கண்ணா. அது தானா எறங்கும், கேஜ் மாதிரி" என்றான்.

அப்போதுதான் அது நடந்தது. தரை ஒருமுறை உதறியது. அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுத்தன. நான் எழுந்துவிட்டேன். மற்ற மூன்று பேரும் எழுந்திருக்கவில்லை. ஆனால் மூவரின் கழுத்தும் ஒரே சமயத்தில் வாசல் பக்கம் திரும்பியது. கதவுக்கு வெளியே, வேலிக்கு அப்பால், இரும்புக் கோபுரத்தின் உச்சி தெரிந்தது. சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. மூவரும் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"கீழ பாறை வெடிச்சிக்கும்" என்றார் ஏகாம்பரம். "அப்பப்போ ஆவும். குழம்பு ஊத்திக்குங்க."

மறுநாள் காலை அளவு நாடாவும் கேமராவுமாகச் சுரங்கத்தின் வாசலுக்குப் போனேன். காவலர் மரியாதையாகத்தான் பேசினார். தங்கம் இருக்கிற இடத்தில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவனைக் கேமராவோடு உள்ளே விடுவதில்லை என்றார். எதை அளக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, நான் கோபுரத்தின் உச்சியைக் கை காட்டியதும் அவருக்கு என் புத்தியின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. லிம்மின் கடிதத்தை இரண்டு முறை படித்துத் திருப்பிக் கொடுத்தார். "மேல எழுதிப் போடுங்க. ரெண்டு மாசத்துல பதில் வரும்."

எனக்கு இருந்தது இன்னும் நான்கு நாள்.

ஆண்டர்சன்பேட்டைக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு யோசித்தேன். பன் நன்றாக இருந்தது. நடுவில் சர்க்கரையும் தேங்காய்ப்பூவும். இரண்டாவது பன்னைத் தின்னும்போது, காலையில் சரசம்மா துணி காயப்போட்ட கொடி நிழலில் இருந்ததும், அவர் அலுத்துக்கொண்டு கொடியை மாற்றிக் கட்டியதும் நினைவுக்கு வந்தன. அது கோபுரத்தின் நிழல்.

உயரத்தை நிழலால் அளக்கலாம். பள்ளியிலேயே சொல்லிக்கொடுத்தது. ஆறடிக் கழி ஒன்றை நட்டு அதன் நிழலை அளந்து, கோபுரத்தின் நிழலையும் அளந்தால் கணக்கு முடிந்தது. காலை எட்டு மணிக்கு நிழல் வேலியைத் தாண்டி லைனுக்குள் விழுந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் அளந்துகொள்வேன். அந்தப் பக்கம்?

"கோபுரத்தோட காலாண்டயிர்ந்து வேலி வரிக்கும்தானே? நான் எண்ணிக்கினு வரேன்" என்றார் ஏகாம்பரம்.

அவர் ஷிஃப்ட் முடிந்து அடி எண்ணிக்கொண்டே வந்ததை வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். பாதி வழியில் யாரோ கூப்பிட்டு ஏதோ கேட்டார்கள். பதில் சொல்லிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு, திரும்பப் போய் முதலிலிருந்து எண்ணிக்கொண்டு வந்தார். பிறகு தெருவில் அவரைப் பத்து முறை நடக்கவைத்து அவருடைய அடியின் நீளத்தை அளந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு அங்குலம் கூடுதலாகவே நடந்தார். "அளக்கறாங்கன்னா காலு தானா நீளுதுங்க" என்றார்.

அடுத்த நாள் காலை லைனே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. சக்கரத்தின் நிழல் நான்காவது வீட்டின் கோழிக்கூண்டு மேல் விழுந்தது. ஒரு பாத்திர வியாபாரி நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். அளந்து முடித்து எழுதிக்கொண்டபோது, இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்த சரசம்மா கேட்டார்.

"இதை இன்னா பண்ணப் போறீங்க தம்பி?"

சொன்னேன். சிங்கப்பூரில் மாணிக்கம் ஒரு ஆபீஸ் கட்டடம் கட்டுகிறார், இருபத்தெட்டு மாடி, அதன் உச்சியில் இதே கோபுரமும் சக்கரமும் வரும் என்று.

"வீலு சுத்துமா?"

"இல்லக்கா. அழகுக்குத்தான்."

சரசம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தார். "நின்ன வீலயா வெக்கறாரு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தக் கேள்வி எனக்கு அப்போது புரியவில்லை. கட்டடத்தின் கால் எவ்வளவு அழகு என்று அவரிடம் சொல்லலாமே என்று தோன்றியது. லிம்மைப் போல நானும் பேச ஆரம்பித்திருந்தேன்.

நான்காம் நாள் காலை பதினொரு மணி. தயாளன் முதல் ஷிஃப்டில் கீழே இருந்தான். ஏகாம்பரம் சுரங்க வாயில். நான் வீட்டு வாசலில் உட்கார்ந்து கோபுரத்தின் இரும்புச் சட்டங்களை வரைந்துகொண்டிருந்தேன். சரசம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

தரை உதறியது. முன்பு வந்ததைவிடப் பலமாக. சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி விழுந்து உடைந்தது.

இந்த முறை எனக்கும் தெரிந்திருந்தது. நானும் சக்கரத்தைத்தான் பார்த்தேன். சுற்றிக்கொண்டிருந்தது. சரசம்மா மூச்சு விட்டது கேட்டது. பிறகு சக்கரம் மெதுவானது. ஆரக்கால்கள் தனித்தனியாகத் தெரிய ஆரம்பித்தன. நின்றது.

சரசம்மா முறத்தைக் கீழே வைத்தார். அரிசி சிந்தவில்லை. உள்ளே போய் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்தார். அந்தச் சீறல் சத்தம் பக்கத்து வீட்டிலும் கேட்டது, அதற்கடுத்த வீட்டிலும். லைன் முழுக்க அடுப்பு அணைந்தது. பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து வேலி ஓரமாக நின்றார்கள். யாரும் அழவில்லை. ஒருவர் குடத்தில் தண்ணீரும் ஒரு சொம்பும் கொண்டுவந்து நடுவில் வைத்தார்.

"நீங்க உக்காருங்க தம்பி. நேரமாவும்" என்றார் சரசம்மா.

நான் உட்காரவில்லை. கையில் வரைபடப் புத்தகம் இருந்தது. நான் பாதி வரைந்து வைத்திருந்த சக்கரம் அதில் திறந்திருந்தது. வெட்கமாக இருந்தது. மூடிச் சட்டைக்குள் செருகிக்கொண்டேன்.

தூரத்தில், கோபுரத்தின் கீழே, ஏகாம்பரம் சின்னதாகத் தெரிந்தார். மணியின் பக்கத்தில் நின்றார். ஆட்கள் ஓடுவதும் வருவதுமாக இருந்தார்கள். அவர் அசையவில்லை, எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை.

"ஒரு தடவை இந்தப் பக்கம் பார்த்தால் என்ன?" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"பாக்க மாட்டாரு" என்றார் சரசம்மா. "பாத்தா அவரு மூஞ்சில இருக்கறத நான் படிச்சிடுவேன். அவருக்குத் தெரியும்."

ஒரு மணி நேரம் போயிற்று. வெயில் ஏறியது. கோபுரத்தின் நிழல் அதன் காலடிக்கே சுருங்கிவிட்டது. இரண்டு மணி நேரம். வேலி ஓரத்தில் தெலுங்கில் ஒருவர் ஏதோ கேட்க, கன்னடத்தில் ஒருவர் பதில் சொன்னார். சொம்பு கை மாறிக்கொண்டே இருந்தது. எனக்கும் வந்தது. குடித்தேன்.

பிறகு மணி கேட்டது. எத்தனை முறை என்று எண்ணத் தெரியாத ஒருத்தன் அங்கே நான் மட்டும்தான். பெண்கள் எல்லோரும் உதடு அசைய எண்ணினார்கள்.

"ஆளு வருது" என்றார் யாரோ.

சக்கரம் நகர்ந்தது. அவ்வளவு மெதுவாக ஒரு சக்கரம் சுற்றி நான் பார்த்ததில்லை. கல் ஏற்றினால் வேகமாகச் சுற்றும், ஆள் ஏற்றினால் நிதானமாகச் சுற்றும், இவ்வளவு மெதுவாகச் சுற்றினால் அடிபட்டவர் வருகிறார் என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குப் பின்னால் சொல்லப்பட்டது. அப்போது நான் சரசம்மாவின் கையைத்தான் பார்த்தேன். வேலிக் கம்பியைப் பிடித்திருந்த கை, சக்கரம் சுற்றச் சுற்ற இறுகிக்கொண்டே போனது.

கூண்டு வந்தது. ஸ்ட்ரெச்சர் ஒன்றை வெளியே தூக்கினார்கள். கம்பளி போர்த்தியிருந்தது.

"மூஞ்சி மூடல" என்றார் சரசம்மா. வரிசை முழுக்க அதைத் திருப்பிச் சொன்னார்கள். மூஞ்சி மூடல, மூஞ்சி மூடல.

இரண்டாவது கூண்டில் இன்னொரு ஸ்ட்ரெச்சர். அதிலும் முகம் மூடவில்லை. மூன்றாவது கூண்டில் நடந்து வந்தவர்கள். தலை முதல் கால் வரை சாம்பல் பூசியதுபோல இருந்த ஆறேழு பேரில் ஒருவன், வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி வேலிப் பக்கம் நடந்து வந்தான். பக்கத்தில் வந்த பிறகுதான் அது தயாளன் என்று தெரிந்தது.

அம்மாவும் மகனும் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டார்கள்.

"சோறு ஆச்சாம்மா?" என்றான்.

"எங்க ஆச்சு. அடுப்ப அணைச்சிட்டு நிக்கறேன். நீ ஆஸ்பத்திரியில கையக் காமிச்சிட்டு வா. மூட்டி வெக்கறேன்."

திரும்பி நடந்தார். இரண்டு வீடு தாண்டியதும் கால் மடங்கி அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டார். நான் ஓடினேன். "ஒண்ணுமில்ல. நின்னுக்கினே இருந்தேன் இல்ல, காலு மரத்துப்போச்சு" என்றார். என் தோளைப் பிடித்து எழுந்தார்.

அன்று யாரும் சாகவில்லை. இரண்டு பேருக்கு எலும்பு முறிந்தது. தயாளனுக்கு முழங்கை பிசகியிருந்தது.

சாயங்காலம் மாணிக்கத்தின் புகைப்படத்தை ஏகாம்பரத்திடம் காட்டினேன். அதுவரை காட்ட வேண்டும் என்று தோன்றவில்லை. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பழைய படம். ஆனா ஆரக்கால எண்ணலாம் போல கீதே. சுத்தற வீல போட்டோ புடிச்சா கலங்கித்தான் தெரியும்." படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "இது நின்னுக்கினு இருக்க சொல்ல எடுத்தது."

சரசம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, நான் படிச்சவ இல்ல. உங்க பில்டிங்ல இன்னா வெக்கணும்னு சொல்ல நான் யாரு. ஆனா இங்க வீலு நின்னா உள்ள இருக்கறவங்க வூட்ல அடுப்பு எரியாது. வெக்கறதா இருந்தா சுத்தற மாதிரி வெக்கச் சொல்லுங்க. இல்லன்னா வீலு வாணாம், கோபுரத்த மட்டும் வெக்கச் சொல்லுங்க."

ஊர் திரும்பியதும் லிம்மிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்குக் கண் பளபளத்தது. "அப்படியானால் நின்ற சக்கரத்தைத்தான் வைக்க வேண்டும். எவ்வளவு அர்த்தம் இருக்கிறது பார்" என்றார். அவரோடு பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தேன். கோபப்பட்டது அந்த ஒருநாள்தான். "அந்த அர்த்தத்தோடு இரண்டரை மணி நேரம் நான் நின்றேன்" என்றேன். பிறகு கழிவறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

மாணிக்கத்திடம் நான் தனியாகப் போய்ச் சொன்னேன். அளவுகளை வைத்தேன். சரசம்மா சொன்னதை, அவர் சொன்ன சொல்லிலேயே சொன்னேன். ஆரக்கால் விஷயத்தையும் சொன்னேன். மாணிக்கம் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா உள்ளே இருந்தபோது எடுத்த படம் அது" என்றார். "பத்திரிகைக்காரர் ஒருத்தர் எடுத்தார். எங்கம்மா கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அன்றைக்கு அது திரும்பச் சுற்றியதை நான் பார்க்கவில்லை. அப்பாவின் உடலை மேலே கொண்டுவருவதற்குள் என்னை அங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு அது நின்றபடியேதான் நிற்கிறது."

படத்தை என் பக்கமாக நகர்த்தினார்.

"சுற்றட்டும்" என்றார்.

சொல்வது சுலபம். காற்றுக் கணக்குப் பார்த்த எஞ்சினீயர் அந்தச் சக்கரங்களை மூன்று முறை வேண்டாம் என்றார். லிம் முதல் இரண்டு முறை அவர் பக்கம் இருந்தார். மூன்றாம் முறை, ஏன் என்று கேட்காதீர்கள், என் பக்கம் வந்து அவரோடு வாதாடினார். கட்டடம் திறந்தபோது, இளஞ்சிவப்பு வளைவுகளுக்கு மேலே இருபத்தெட்டு மாடி, அதற்கும் மேலே நான்கு கால் கோபுரம், அதில் இரண்டு சக்கரங்கள் நிதானமாகச் சுற்றின. ஆள் ஏற்றும் வேகம். அந்த வேகத்தை நான்தான் சொன்னேன். காலை எட்டுக்குத் தொடங்கி, மாலை ஆறுக்கு ஆபீஸ்கள் மூடியதும் நிற்கும். எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று அர்த்தம். இது மாணிக்கத்தின் ஏற்பாடு. எனக்கும் பிடித்திருந்தது.

புகைப்படம் ஒன்றை இணைத்து ஏகாம்பரத்துக்குக் கடிதம் எழுதினேன். சக்கரம் கலங்கலாகத் தெரியும்படி எடுத்த படம். சரசம்மா சொல்லச் சொல்ல தயாளன் எழுதிய பதில் மூன்று வாரத்தில் வந்தது. தயாளனுக்குக் கல்யாணம் நிச்சயம் ஆகியிருந்தது. கேழ்வரகு நல்ல விளைச்சல். படத்தை லைனில் எல்லோரும் பார்த்தார்களாம். கடைசியில் இரண்டு வரி: "ஆறு மணிக்கு வீலு நிக்கும்னு எழுதியிருக்கீங்க. அவ்ளோ பெரிய கட்டடத்துல ராத்திரிக்கு வாட்ச்மேன் இருப்பாரு இல்ல? அவரு வூட்ல பாக்க மாட்டாங்களா?"

மாணிக்கத்துக்குத் தொலைபேசியில் படித்துக் காட்டினேன். கடைசி இரண்டு வரியை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

அன்று மாலை ஆறு மணிக்குச் சக்கரத்தை நிறுத்த மேலே போன எலக்ட்ரீஷியனை அவரே தடுத்திருக்கிறார். இனி நிறுத்த வேண்டாம், ராத்திரியும் ஓடட்டும் என்றிருக்கிறார். காலிக் கட்டடத்துக்கு எதற்கு என்று எலக்ட்ரீஷியன் கேட்டிருக்கிறார்.

"உள்ளே ஆள் இருக்கு" என்றாராம் மாணிக்கம்.